அப்பிரதட்சிணமாக ஒரு கார்டியோ

"யாருக்குப்பா என்ன ஆச்சு?"

போன மாதம் ஒரு சாயங்காலம், ஸ்ரீரங்கம் மேல உத்தர வீதியில், அங்கே குடியிருக்கும் ராகவன் மாமா என் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்ட கேள்வி இது.

நான் அப்போது ஷூ போட்டுக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்ட, ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை விறுவிறுவென்றும், அதற்கடுத்த கம்பம் வரை மெதுவாகவும் நடந்துகொண்டிருந்தேன். வாய் வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எது வேகக் கம்பம், எது மெதுவான கம்பம் என்று மறந்துவிடக் கூடாதே!

"ஒண்ணும் ஆகலையே மாமா..."

"பின்னே ஏன் அப்பிரதக்ஷிணமா சுத்திண்டிருக்கே?"

கோயிலை வலப்பக்கம் வைத்துச் சுற்றினால் பிரதட்சிணம். இடப்பக்கம் வைத்துச் சுற்றினால் அப்பிரதட்சிணம் — அது சாவு வீட்டுக் காரியத்தில் செய்வது. ஸ்ரீரங்கத்தில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்கறி வாங்க எந்தப் பக்கமாகவும் போகலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் நாலு உத்தர வீதிகளையும் ஒருவன் திரும்பத் திரும்ப இடமாகவே சுற்றிக்கொண்டிருந்தால்? கேட்பார்கள். மாமா வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து, நான் இரண்டு தடவை கடந்து போகிறவரை பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து வந்திருக்கிறார்.

 நானோ நடந்துகொண்டிருந்ததே ஒருத்தி பிழைக்க வேண்டும் என்பதற்காக.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். இல்லாவிட்டால் என்னைப் போலவே நீங்களும் குழம்பிவிடுவீர்கள்.

என் அக்கா கோதை காட்டூரில் இருக்கிறாள். கணக்கு டீச்சர். சின்ன வயதில் எனக்கும் அவள்தான் டீச்சர். விடை சரியாக வந்தாலும், எப்படி வந்தது என்று ஸ்டெப் ஸ்டெப்பாகப் போடாவிட்டால் முட்டை போட்டுவிடுவாள். "குருட்டாம்போக்குல வந்த விடைக்கெல்லாம் மார்க் கிடையாது" என்பது அவளுடைய சட்டம். அவளுடைய வகுப்புப் பிள்ளைகளும் அதில் அடிபட்டவர்கள்தான்.

அவளுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. வாழ்நாளில் இருமல் மருந்தைத் தவிர வேறெதையும் குடித்ததில்லை... அப்புறம் எப்படி என்கிறீர்களா? நாங்களும் அதைத்தான் கேட்டோம். அவள் உடம்பே அவள் கல்லீரலை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது என்று டாக்டர் சொன்னார். மாற்றுக் கல்லீரல்தான் வழி. நெருங்கிய சொந்தத்தில் யாராவது தன்னுடையதில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்ந்துவிடும்.

அக்காவின் கணவர் அத்திம்பேருக்கு ரத்த வகை சேரவில்லை. அவர்கள் மகள் வைஷ்ணவிக்குச் சேர்கிறது. ஆனால் அவள் இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். "அவ மேல கத்தி படறதுன்னா எனக்கு ஆபரேஷனே வேண்டாம்" என்று அக்கா முடித்துவிட்டாள். அவள் முடித்தால் முடித்ததுதான்.

மிச்சம் இருந்தது நான். எனக்கும் ரத்த வகை சேர்ந்தது. புத்தூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"குடிப்பீங்களா?"

"டிகிரி காபி மட்டும்தான் டாக்டர்."

"உங்க கல்லீரல்ல கொழுப்பு இருக்குங்க. இதை இப்படியே எடுத்து வைக்க முடியாது. உங்களுக்கும் ஆபத்து, அவங்களுக்கும் ஆபத்து. ரெண்டு மாசம் டைம் எடுத்துக்குங்க. நடை, ஓட்டம்னு கார்டியோ பண்ணுங்க, சாப்பாட்டைக் குறைங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க. திரும்ப ஸ்கேன் பார்ப்போம்."

வயிற்றில் கொழுப்பு இருப்பது எனக்குத் தெரியும். அதை ஊரே பார்க்கிறது. கல்லீரலுக்குள்ளுமா? பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் எத்தனை வருடம் போண்டாவையும் ரவா தோசையையும் பற்றி உருகி உருகி எழுதியிருப்பேன்! 'இப்போதெல்லாம் ஏன் சார் சாப்பாட்டைப் பற்றியே எழுதுவதில்லை?' என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கு இதுதான் பதில். எழுதினால் பசிக்கும்.

அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதிக்கோ. ஆனா என்னைப் பாவமா மட்டும் எழுதாதே" என்று வாக்கு வாங்கிக்கொண்டாள்.

சரி, கார்டியோ. எப்போது செய்வது?

காலையில் என் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மன்னார்புரத்தில் இருக்கும் ஆபீசில் போய் விரல் வைக்கும் மெஷினில் விரல் வைப்பதற்குள், நடுவில் அரை மணி நேரம் தேறும். காவிரிப் பாலத்தில் டிராஃபிக் என்றால் அதுவும் தேறாது. ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு மாடியில் ஜிம். நடத்துகிறவர் ரியாஸ். துபாயில் ஏழெட்டு வருடம் ஜிம்மில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பாலக்கரையில் வீடு. அரிசி மூட்டை மாதிரி தோள்கள், அதற்குச் சம்பந்தமே இல்லாத மென்மையான குரல்.

"அரை மணி நேரம் போதுங்க சார். இன்ஷா அல்லா, குறைச்சிடலாம்."

முதல் நாளே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. டிரெட்மில்லில் ஒரு கலர் படம் ஒட்டியிருந்தது. மஞ்சள் பட்டையில் 'ஃபேட் பர்ன்' என்று போட்டிருந்தது. அதற்கு மேலே ஆரஞ்சுப் பட்டையில் 'கார்டியோ'. நான் கொழுப்பைக் குறைக்கத்தானே கார்டியோ செய்ய வந்தேன்? மெஷினோ இரண்டும் வேறு வேறு என்கிறது! அப்படியானால் நான் எதைச் செய்ய வேண்டும்?

ரியாஸைக் கேட்டேன்.

"மெதுவா நடந்தா எரியறதுல கொழுப்பு அதிகம்ங்க சார். வேகமா ஓடினா சர்க்கரை அதிகம் எரியும்."

ஆஹா, நமக்கு ஏற்ற விஞ்ஞானம் என்று மெதுவாக நடந்தேன். ஒரு வாரம் கழித்து அவரே வந்து வேகத்தை ஏற்றினார்.

"என்ன ரியாஸ், மெதுவா நடந்தாத்தானே கொழுப்புன்னீங்க?"

"ஆமாங்க சார். ஆனா உங்களுக்கு இருக்கறது அரை மணி நேரம். மெதுவா நடந்தா மொத்தமா எரியறதே கம்மி. அதனால ஒரு நிமிஷம் வேகம், ஒரு நிமிஷம் மெதுவா. இப்படி மாத்தி மாத்திப் போனா கொஞ்ச நேரத்துலயே நிறைய வேலை நடந்துடும்."

"அப்ப போன வாரம் சொன்னது?"

"அதுவும் கரெக்ட்டுதாங்க சார்."

இரண்டும் எப்படி ஐயா கரெக்ட்டாக இருக்க முடியும்? அக்காவாக இருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பாள்.

சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டுமா, வெறும் வயிற்றிலா? வெறும் வயிற்றில்தான் கொழுப்பு கரையும் என்றார் ஆபீஸ் நண்பர். மயக்கம் போட்டுப் பல் உடையும் என்றது ஒரு வீடியோ. ஒருநாள் வெறும் வயிற்றோடும், மறுநாள் ஒரு வாழைப்பழத்தோடும் ஓடினேன். இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் மூச்சு வாங்கியது.

வியர்வையை நம்பலாமா? சட்டையைப் பிழிந்தால் சொட்டுகிறது, கொழுப்பெல்லாம் போய்விட்டது என்று ஒருநாள் சந்தோஷப்பட்டேன். வியர்வைதான் கொழுப்பு என்றால் திருச்சியில் ஒருவர் கூட குண்டாக இருக்க முடியாதே என்று பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களைப் பார்த்ததும் உறைத்தது.

ஜிம்மில் ஒரு மெஷின் இருந்தது. ஏறி நின்று இரண்டு கைப்பிடிகளைப் பிடித்தால் உடம்பில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்று சொல்லும். ஏறி நின்றேன். ஒன்று சொன்னது. இறங்கி ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினேன். வேறொன்று சொன்னது. எடை மெஷினோ எந்தக் கவலையும் இல்லாமல் அதே இடத்தில் நின்றது. ஆனால் பேன்ட் மட்டும் நழுவியது. எதை நம்புவது, பேன்ட்டையா மெஷினையா?

வீட்டில் என் மனைவி பத்மா தன் பங்குக்கு ராத்திரிச் சாதத்தை நிறுத்திவிட்டாள். "ஏன்னா, தட்டுல பாதி காய், அப்புறம்தான் மத்ததெல்லாம். அக்காவை நினைச்சுண்டு சாப்பிடுங்கோ, சப்புனு தெரியாது" என்றாள். சப்பென்றுதான் தெரிந்தது. இருந்தாலும் தட்டைக் காலி செய்தேன்.

ஜிம்முக்குப் போகாத நேரத்திலும் நடங்கள் என்று ரியாஸ் சொல்லியிருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரன் வேறெங்கே நடப்பான்? உத்தர வீதிதான். மின்கம்பத்துக்கு மின்கம்பம் வேகத்தை மாற்றிக்கொண்டு சாயங்காலம் நாலைந்து சுற்று. அப்புறம் ஒருநாள் ரியாஸ், "ஒரே மாதிரியே நடந்தா உடம்பு பழகிடும்ங்க சார். ரூட்டை மாத்துங்க" என்றார்.

மாற்றினேன். அதே நாலு வீதி... அப்படியே திருப்பிச் சுற்றினேன். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் என் காலே என்னைத் தடுத்திருக்கும். யோசனையெல்லாம் கம்பத்தில்.

அப்போதுதான் மாமா கையைப் பிடித்தார். "யாருக்குப்பா என்ன ஆச்சு?"

வெளியில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அந்த நடுத்தெருவில் நின்று சொன்னேன். மாமாவுக்கு அக்காவைத் தெரியும். இதே வீதியில் பாவாடை கட்டிக்கொண்டு கோலப்போட்டியில் ஜெயித்தவள்.

"நம்ம கோதைக்கா?" என்றார். பிடித்த கையை விடவில்லை. பிறகு, "மொதல்ல திரும்புடா" என்றார்.

வாசகர்களே, ஒரு கேள்வி. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருக்கிறதா? தெரியவில்லை. இடமாகச் சுற்றியதற்கும் காட்டூரில் படுத்திருக்கிற ஒருத்தியின் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை என்று யாரிடமும் வாதாடுவேன். இந்தப் பத்தியிலேயே சகுனம் பார்க்கிறவர்களைக் கிண்டலடித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் எனக்குப் பயமாக இருந்தது.  சொல்வதில் வெட்கம் என்ன?

திரும்பினேன். இடமாக எத்தனை சுற்றினேனோ அத்தனையையும் வலமாகச் சுற்றி அழித்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு சுற்று. வேகக் கம்பம், மெதுவான கம்பம் எல்லாம் மறந்துபோய் முழுக்க வேகம். கடைசிச் சுற்றில் ஏறக்குறைய ஓடினேன். மூச்சு முட்டியது. அந்தப் படத்தில் ஆரஞ்சுக்கும் மேலே சிவப்பில் ஒரு பட்டை உண்டு, அதில்தான் இருந்திருப்பேன்.

மறுநாளிலிருந்து மாமாவும் சேர்ந்துகொண்டார். "கோதைக்காக ஒரு சுத்து நானும் வரேன். பெருமாள் திருவுள்ளம் பண்ணட்டும்" என்றார். மாமாவுக்கு முழங்கால் வலி. ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போக அவருக்கு ஒரு யுகம். நடுவில் கோபுரத்தைப் பார்த்து நின்று கைகூப்பல். எதிரே வருகிற எல்லாரிடமும் குசலம். என் கார்டியோ போச்சு என்று உள்ளூர எரிச்சல். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ரியாஸிடம் புலம்பினேன். அவர் முகம் மலர்ந்தது. "சார், வேகமா நடந்து முடிச்சிட்டு அவரோட மெதுவா ஒரு ரவுண்டா? அதுதாங்க மஞ்சப் பட்டை! விடாதீங்க."

ஆக, மஞ்சளும் சரி, ஆரஞ்சும் சரி. என் குழப்பம் மட்டும் தீரவில்லை.

அன்றுதான் எதற்காக இந்தப் பாடு என்பதையும் அவரிடம் சொன்னேன். தொப்பைக்காக வருகிற ஆபீஸ் சார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாராம். "சொல்லவே இல்லையேங்க சார். தொழுகையில துவா செய்றேன்" என்றார்.

மறுநாள் காலை ஜிம்மில் நல்ல கூட்டம். இருப்பதே இரண்டு டிரெட்மில். என் அரை மணியில் பத்து நிமிடம் காத்திருந்தே போய்விடும் என்று நினைத்துக்கொண்டு படியேறினால், ஒரு டிரெட்மில் காலியாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அந்த மாதிரி அதன் மேல் ரியாஸின் பச்சைத் துண்டு. காத்திருந்த ஒருவர், "இது யாருக்கு மாஸ்டர்?" என்று கேட்டார்.

"வர்றவங்களுக்கு" என்றார் ரியாஸ், என்னைப் பார்க்காமல்.

அன்றிலிருந்து ஒருநாள் கூட அந்தத் துண்டு இல்லாமல் இல்லை.

இதற்கிடையே உத்தர வீதி முழுக்கச் செய்தி பரவிவிட்டது, நான் அக்காவுக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டு பிரதட்சிணம் செய்கிறேன் என்று. கம்பத்துக்காக முணுமுணுத்ததை ஸ்லோகம் என்று எடுத்துக்கொண்டார்கள். "ஷூ மட்டும் வேண்டாமே" என்றார் மாமா. "ஷூ இல்லாம நடக்கவே கூடாதுங்க சார், முட்டி போயிடும்" என்றார் ரியாஸ். வேகச் சுற்றுகளுக்கு ஷூ, மாமாவோடு போகிற சுற்றுக்கு வெறுங்கால் என்று சமரசம் செய்துகொண்டேன். ஷூவை மாமி பார்த்துக்கொள்வார்.

அந்த மாமி, அதாவது ராகவன் மாமாவின் ஆத்து மாமி, ஒருநாள் ஒரு தொன்னையை நீட்டினார். அக்காரவடிசல், பாலில் குழைந்த வெல்லச் சாதம். நெய் மேலே மிதந்தது.

"கோதை பேர்ல அர்ச்சனை பண்ணினேன். பிரசாதம். மறுக்கப்படாது."

கல்லீரல் கொழுப்பைக் குறைக்க நடக்கிறவனுக்கு, அவன் நடப்பதற்குப் பரிசாக அக்காரவடிசல்! டாக்டரம்மா சர்க்கரையைக் கண்ணால் பார்க்காதே என்கிறார். மாமி கண்ணுக்கு நேரே நீட்டுகிறார். எந்தப் பக்கம் போவது? ஒரு விரல் நுனி அளவு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். அந்த விரல் நுனிக்காக இன்னொரு சுற்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — அந்த விரல் நுனி ருசியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வாரக் கடைசியில் காட்டூர் போவேன். அக்கா கண்கள் மேலும் மஞ்சளாகியிருந்தன. பேப்பர் திருத்தவில்லையே என்று அவள் விரல்கள் சும்மா இருக்க மாட்டாமல் போர்வையின் ஓரத்தைத் திருகும். "என்னடா, கொழுப்பு எப்படி இருக்கு?" என்பாள். "தெரியலைக்கா" என்பேன். நிஜமாகவே தெரியாது. கல்லீரலை எட்டிப் பார்க்க முடியுமா? பயந்துகொண்டே திரும்புவேன். குறையாவிட்டால்? வைஷ்ணவியைக் கேட்க வேண்டும், அக்கா மாட்டேன் என்பாள், அப்புறம்? அந்த 'அப்புறம்' வருகிற இடத்தில் வண்டியின் வேகம் தானாகக் குறைந்துவிடும்.

இந்தத் திங்கட்கிழமை ஸ்கேன்.

வயிற்றில் ஜெல்லைத் தடவினார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். இந்த வரிசை எனக்குப் பிடிக்கவே இல்லை.

"நல்லாக் குறைஞ்சிருக்குங்க. இன்னும் ரெண்டு டெஸ்ட் பாக்கி இருக்கு, பண்ணிடுவோம். ஆனா இந்தக் கல்லீரலை எடுத்துக்கலாம்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். 

"என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

அதுதானே எனக்கும் தெரியவில்லை!

"எதனால டாக்டர் குறைஞ்சது? மெதுவா நடந்ததா, வேகமா நடந்ததா, சாப்பாடா?"

"எல்லாம்தான்" என்றார். அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் காரணம் தெரிந்துவிட்டது, என்னைத் தவிர. "நான் சொன்னேன்ல சார், வேகமும் மெதுவும் மாத்தி மாத்தி... மாஷா அல்லா!" என்றார் ரியாஸ். "ராத்திரி சாதத்தை நிறுத்தினது யாரு?" என்றாள் பத்மா. "திரும்பிச் சுத்தினியோன்னோ... அதான்" என்றார் மாமா. மாமியோ இன்னொரு தொன்னையோடு வந்தார்.

நம் வீடுகளில் எப்போதும் இப்படித்தானே? காய்ச்சல் விட்டால் டாக்டர் கொடுத்த மாத்திரை, மிளகு கஷாயம், நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசு மூன்றும் தன் வெற்றி என்று சொல்லிக்கொள்ளும். விடாவிட்டால் மட்டும் பழி பேஷன்ட் மேல்.

காட்டூருக்குப் போனேன். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைப் போனிலேயே அத்திம்பேரிடம் சொல்லியிருந்தேன். இருந்தாலும் நேரில் சொல்ல வேண்டுமே! அதைவிட, கணக்கு டீச்சரிடம் போகிறோம், செய்முறை இல்லாமல் போகலாமா? மஞ்சள் பட்டை, ஆரஞ்சுப் பட்டை, வெறும் வயிறு, வாழைப்பழம், தப்பாகச் சுற்றியது, திருப்பிச் சுற்றியது, பச்சைத் துண்டு, விரல் நுனி அக்காரவடிசல் என்று ஒன்று விடாமல் சொன்னேன். இதில் எது எதோடு சேர்ந்து, எது எதைக் கழித்து இந்த விடை வந்தது என்று எனக்கே பிடிபடவில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தப்பாகச் சுற்றிய இடத்தில் மட்டும் சிரித்தாள். "அசடே" என்றாள்.

"எப்படி வந்ததுன்னு தெரியலையேக்கா..." என்றேன் மறுபடியும்.

"விடை சரியா வந்துடுத்தோன்னோ? இந்த ஒரு கணக்குக்கு ஸ்டெப் வேண்டாம்டா."

வாழ்நாளில் முதல் தடவையாக முழு மார்க். அதற்கப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்பதை எழுத மாட்டேன்... பாவமாக எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே!